டெலஸ்கோப் கண்ணாடியில் பனி படியாமல் இருக்க: வீட்டிலேயே செய்யும் டியூ ஹீட்டரும் கன்ட்ரோலரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை இல்லை, மேகமும் இல்லை. அப்புறம் எப்படி கண்ணாடி நனைகிறது?

மேகம் இல்லை என்பதுதான் காரணமே. வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். தெளிந்த வானம் அந்த அளவுக்குத் திருப்பித் தராது. அதனால் கண்ணாடி, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ச்சி காற்றின் டியூ பாயின்ட்டுக்குக் கீழே போனால், அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே போனால், பனி படியும். பனி வானத்திலிருந்து விழுவதில்லை, கண்ணாடியைத் தொடும் காற்றிலிருந்துதான் வருகிறது.

ஒரு மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, 100-லிருந்து எத்தனை குறைகிறதோ அதை 5-ஆல் வகுத்தால் காற்றுக்கும் டியூ பாயின்ட்டுக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட கிடைத்துவிடும். 20 டிகிரி, 60 சதவீதம் என்றால் டியூ பாயின்ட் 12. கண்ணாடி எட்டு டிகிரி இறங்க வேண்டும், அவ்வளவு எளிதில் நடக்காது. அதே 20 டிகிரியில் 90 சதவீதம் என்றால் இடைவெளி இரண்டு டிகிரிக்கும் குறைவு, அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மண் இன்னும் ஈரமாக இருந்து, வானம் மட்டும் கழுவிவிட்டதுபோல் தெளிகிற மார்கழி, தை இரவுகளில் ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடப்பது இதுதான். சென்னைக் கடற்கரைப் பக்கம் மொட்டை மாடியில் பார்ப்பவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதியும் இந்தத் தொல்லை உண்டு.

ஹீட்டர் இல்லாமலே சமாளிக்க முடியாதா?

பாதி இரவு சமாளிக்கலாம். முதலில் செய்ய வேண்டியது டியூ ஷீல்டுதான், அதாவது கண்ணாடிக்கு முன்னால் குழாய்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மறைப்பு. டியூபைச் சுற்றிக் கட்டி லேசாகச் சூடேற்றும் ஸ்ட்ரிப்பான ஹீட்டர் அதற்கப்புறம். கண்ணாடி பார்க்கும் வானத்தின் அளவைக் குறைத்தாலே அது குளிரும் வேகம் குறைந்துவிடும். காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி குவிமாடத்துக்குள் நிற்கிறது, ஒரு பிளவு வழியாகத்தான் வானத்தைப் பார்க்கிறது. நம்முடையது நட்ட நடு வெட்டவெளியில் நிற்கிறது.

கறுப்பு யோகா மேட் ஒன்றை வாங்கி, டியூபைச் சுற்றி வரும் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் வெல்க்ரோ தைத்தால் போதும். கண்ணாடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் டெலஸ்கோப் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். 8 இஞ்ச் என்றால் 30 முதல் 40 சென்டிமீட்டர். அதற்கு மேல் நீட்டினால் காற்றடிக்கும்போது பாய்மரம்தான். ஷீல்டு இருந்தால் ஹீட்டருக்குத் தேவையான மின்சாரமும் குறையும், அதனால் பிற்பாடு ஹீட்டர் செய்தாலும் இதைக் கழற்றிப் போடாதீர்கள்.

ஹேர் டிரையர் வைத்திருப்பவர்கள் உண்டு. படிந்ததைப் போக்கும், ஆனால் காரணத்தைப் போக்காது. இருபது நிமிடத்தில் திரும்ப வந்துவிடும், நடுவில் எடுத்துக்கொண்டிருந்த படம் வீண்.

துணியால் லேசாகத் துடைத்தால் என்ன?

வேண்டாம். பனியோடு தூசியும் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும். துடைத்தால் அந்தத் தூசியே கோட்டிங்கைக் கீறும்.

எந்த டெலஸ்கோப்புக்கு எந்த இடத்தில் ஹீட்டர்?

ஷ்மிட்-கேஸக்ரெய்ன், மக்ஸுடோவ் வகைகளுக்கு முகப்பிலேயே பெரிய கண்ணாடி இருப்பதால் தொல்லை அதிகம். கரெக்டர் பிளேட் எனப்படும் அந்தக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்துக்குச் சற்றுப் பின்னால், டியூபைச் சுற்றி ஸ்ட்ரிப்பைக் கட்டி, அதன் மேல் ஷீல்டு வர வேண்டும். முகப்பில் லென்ஸ் இருக்கும் ரிஃப்ராக்டரில், லென்ஸைப் பிடித்திருக்கும் வளையமான லென்ஸ் செல்லுக்கு நேர் மேலே, ஷீல்டை நகர்த்த முடிந்தால் அதற்கு உள்ளே கட்டுங்கள். ஷீல்டுக்கு வெளியே கட்டினால் சூட்டில் பெரும்பகுதி காற்றுக்குத்தான் போகும்.

மிரரால் ஒளியைச் சேர்க்கும் நியூட்டோனியனில் பிரைமரி எனும் பெரிய மிரர் டியூபின் அடியில் கிடக்கிறது, டியூபே அதற்கு ஷீல்டு, பெரும்பாலும் கவலை இல்லை. கம்பிச் சட்டம் போட்ட டாப்ஸோனியன் என்றால் ஒரு கறுப்புத் துணி உறை போடுங்கள். நியூட்டோனியனில் முதலில் மங்குவது செகண்டரி எனும் மேல்முனைச் சின்ன மிரர், அப்புறம் குறிபார்க்க உதவும் ஃபைண்டர், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ். டெல்ராட் மாதிரி ஃபைண்டர் இருந்தால் அதன் கண்ணாடி நேராக வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் போகும்.

ஐபீஸுக்கு இன்னொரு ஈரமும் இருக்கிறது: நம் மூச்சும் கண்ணின் ஈரமும்.

எத்தனை வாட் வேண்டும்?

நினைப்பதைவிட மிகக் குறைவு. தெளிந்த இரவில் ஒரு பரப்பு வானத்துக்கு இழக்கும் நிகர வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 50 முதல் 100 வாட். 8 இஞ்ச் கண்ணாடியின் பரப்பு 0.032 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் கண்ணாடி இழப்பது ஏறத்தாழ 2 முதல் 3 வாட்தான்! ஆனால் நாம் சூட்டைக் கண்ணாடிக்கு நேராகக் கொடுப்பதில்லை, டியூபின் வழியாகக் கொடுக்கிறோம். அலுமினிய டியூப் அதில் பெரும்பகுதியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் விட்டத்தில் ஒரு இஞ்சுக்கு ஒரு வாட் என்று முழு அளவை வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரில் குறைத்து ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும். 8 இஞ்சுக்கு 8 அல்லது 9 வாட், 80 மில்லிமீட்டர் ரிஃப்ராக்டருக்கு 4 வாட், 50 மில்லிமீட்டர் ஃபைண்டருக்கு இரண்டரை வாட், ஐபீஸுக்கு ஒன்று ஒன்றரை.

கண்ணாடியைச் சூடாக்குவது நம் வேலை இல்லை. அது டியூ பாயின்ட்டைவிட இரண்டு மூன்று டிகிரி மேலே இருந்தால் போதும். கையால் தொட்டால் சூடு தெரியவே கூடாது.

ரெசிஸ்டரா, நிக்ரோம் கம்பியா?

இரண்டும் சரிதான். சால்டரிங் கை வந்தவர்களுக்கு ரெசிஸ்டர், அது வராதவர்களுக்கு நிக்ரோம், அதாவது கரண்ட் ஓடினால் சூடாகும் உலோகக் கம்பி. என்னைக் கேட்டால் ரெசிஸ்டர்தான்: ஒன்று போனாலும் மற்றவை ஓடும், கணக்கும் சுலபம். நிக்ரோம் எங்காவது அறுந்தால் மொத்தமும் நின்றுவிடும்.

ரெசிஸ்டர் ஸ்ட்ரிப் எப்படிச் செய்வது?

சூத்திரம் ஒன்றே ஒன்று: வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம். 12 வோல்ட்டில் ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் 144 ÷ 330 = 0.44 வாட் எடுக்கும். இருபது ரெசிஸ்டரைப் பேரலலாகப் போட்டால் 8.7 வாட், முக்கால் ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. 8 இஞ்ச் டியூபின் சுற்றளவு சுமார் 72 சென்டிமீட்டர், எனவே மூன்றரை சென்டிமீட்டருக்கு ஒன்று. 80 மில்லிமீட்டருக்குப் பத்து, ஃபைண்டருக்கு ஆறு, ஐபீஸுக்கு மூன்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 0.44 வாட் என்பது 12 வோல்ட்டில் வரும் கணக்கு. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியிலோ இன்ஜின் ஓடும் காரிலோ வோல்டேஜ் 14-ஐத் தொடும், அப்போது அது 0.59 ஆகிவிடும். அதனால் அரை வாட் ரெசிஸ்டர் வாங்காதீர்கள், ஒரு வாட் வாங்குங்கள். கடையில் அரை வாட்தான் இருக்கிறது என்றால் 470 ஓமுக்குப் போய் எண்ணிக்கையை 28 ஆக்குங்கள், மொத்த வாட் ஏறத்தாழ அதே அளவுதான் வரும். கால் வாட் ரெசிஸ்டரை 330 ஓமில் போட்டால் கறுத்துவிடும்.

இரண்டு கம்பிகளை இணையாக ஓட்டி, ஏணிப் படி மாதிரி ரெசிஸ்டர்களை இடையில் வைத்து சால்டர் செய்யுங்கள். கம்பி ஒற்றை இழையாக இருக்கக் கூடாது. பலஇழைக் கம்பிதான் வளைத்து வளைத்துக் கட்டும்போது ஒடியாமல் இருக்கும். முடிந்ததும் மல்டிமீட்டரில் பாருங்கள், இருபது ரெசிஸ்டருக்கு 16.5 ஓம் வர வேண்டும். பூஜ்யம் பக்கம் காட்டினால் எங்கோ ஷார்ட், பேட்டரியில் மாட்டாதீர்கள். பிறகு மேலும் கீழும் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப் ஒட்டி, பை தைப்பவர்களிடம் கிடைக்கும் நைலான் நாடாவுக்குள் வைத்துத் தைத்துவிடலாம். வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டர் ஃபோம் ஒரு அடுக்கு வைத்தால் சூடு டியூபின் பக்கம் போகும். இரண்டு முனையிலும் வெல்க்ரோ. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் இத்தனையும், வெல்க்ரோவும் நாடாவும் நீங்கலாக, கிடைத்துவிடும்.

நிக்ரோம் என்றால் எந்தத் தடிமன், எவ்வளவு நீளம்?

0.4 மில்லிமீட்டர் நிக்ரோம் மீட்டருக்குச் சுமார் 8.7 ஓம், 0.3 மில்லிமீட்டர் சுமார் 15.5 ஓம். 8 இஞ்ச் டியூபுக்கு 0.4 கம்பியை இரண்டு சுற்று ஓட்டினால் 1.4 மீட்டர், 12 ஓம், 12 வாட். கொஞ்சம் அதிகம், ஆனால் கன்ட்ரோலர் இருக்கிறதே. இரண்டு சுற்று என்பதால் இரண்டு முனையும் ஒரே இடத்துக்கு வந்துவிடும், ஒயர் வெளியே எடுக்க வசதி. இரண்டு சுற்றும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, கண்ணாடி இழை ஸ்லீவுக்குள் கோத்து ஓட்டுங்கள்.

நிக்ரோமில் ஈயம் சரியாக ஒட்டாது. சால்டர் பிடித்த மாதிரி தோன்றும், ஒரு இழுப்பில் வந்துவிடும். சின்ன கிரிம்ப் குழாய் போட்டு நசுக்குங்கள்.

யுஎஸ்பி-யில் ஓடும் ரெடிமேட் ஸ்ட்ரிப் வாங்கிவிட்டால் இந்த வேலையெல்லாம் மிச்சம்தானே?

சின்ன ரிஃப்ராக்டர், கேமரா லென்ஸ் என்றால் தாராளமாக வாங்கலாம். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் அதிகபட்சம் 10 வாட், போதும். இடைஞ்சல் பவர் பேங்கில் இருக்கிறது. குறைந்த சூட்டில் வைத்தால் அது இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். நீங்கள் அங்கே வியாழனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கன்ட்ரோலர் அவசியமா? நேராக பேட்டரியில் மாட்டினால்?

ஃபைண்டர், ஐபீஸ் இவற்றை நேராக மாட்டலாம். பெரிய கண்ணாடிக்குக் கன்ட்ரோலர் வேண்டும். காரணம் இரண்டு: பேட்டரி வீணாகும், அதைவிட முக்கியமாகப் படம் கெடும். கண்ணாடி காற்றைவிட நிறையச் சூடானால் அதன் முன்னால் வெப்பக் காற்று அலைபாயும், சனி வளையம் கொதிக்கிற மாதிரி தெரியும். அதிக உருப்பெருக்கத்தில் கோள்கள் பார்ப்பவர்கள் பனியைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

எளிய கன்ட்ரோலர் எது?

ஆன்லைனில் கிடைக்கும் 12 வோல்ட் எல்இடி டிம்மர், அல்லது சின்ன டிசி மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர் போர்டு. உள்ளே இருப்பது பிடபிள்யூஎம் சுற்றுதான், அதாவது கரண்டை வேகமாக ஆன், ஆஃப் செய்து சராசரியைக் குறைப்பது. குமிழைத் திருப்பினால் வேலை முடிந்தது. கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இதைத் தாண்டி ஒன்றும் தேவையில்லை என்பது என் கருத்து.

நாமே செய்ய ஆசை இருந்தால் 555 எனும் டைமர் ஐசி போதும். 8-ஆம், 4-ஆம் பின்கள் பிளஸ்ஸுக்கு, 1 மைனஸுக்கு. 2-யும் 6-யும் சேர்த்து அங்கிருந்து ஒரு கெபாசிட்டர் மைனஸுக்கு. 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்கால் 3-ஆம் பின்னுக்கு. அதன் இரண்டு ஓரக் கால்களிலிருந்தும் ஒவ்வொரு 1என்4148 டயோடு, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில், கெபாசிட்டருக்கு. அதே 3-ஆம் பின்னிலிருந்து 100 ஓம் வழியாக, கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு, கேட்டிலிருந்து மைனஸுக்கு ஒரு 10 கிலோ ஓம். பவர் லைனுக்குக் குறுக்கே ஒரு 100 மைக்ரோஃபாரட். மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்இசட்44என். ஹீட்டரின் ஒரு முனை நேராகப் பிளஸ்ஸுக்கு, மறுமுனை மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு, சோர்ஸ் மைனஸுக்கு. இவ்வளவு சின்ன கரண்டுக்கு ஹீட் சிங்க்கூட வேண்டாம். கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட் போட்டால் நொடிக்கு ஒன்றரைத் துடிப்பு, 0.1 மைக்ரோஃபாரட் போட்டால் நொடிக்கு 145 சொச்சம். கண்ணாடி மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும், அதற்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு மூன்று ஹீட்டர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 555, தனித்தனி குமிழ்.

வேகமாகத் துடித்தால் நல்லதா, மெதுவாகவா?

கேமரா வைத்திருந்தால் மெதுவாக. நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆன், ஆஃப் ஆகும் போர்டுகள் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும், யுஎஸ்பி கேபிள் அதை வாங்கிக்கொண்டு படத்தில் கோடு கோடாகக் காட்டும். ஆனால் மெதுவான துடிப்பிலும் ஒரு தொல்லை உண்டு. டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுன்ட்டும் ஹீட்டரும் ஒரே மெல்லிய கேபிளில் கரண்ட் எடுத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் வோல்டேஜ் லேசாக இறங்கி ஏறும். ஹீட்டருக்கு பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுத்துவிடுங்கள்.

ஆர்டுயினோ வைத்துத் தானாக இயங்க வைக்கலாமா?

வைக்கலாம், மகிழ்ச்சியான வேலையும்கூட. வெப்பநிலை, ஈரப்பதம் அளக்க டிஹெச்டி22 அல்லது எஸ்ஹெச்டி31 சென்சார், ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், புரோகிராம் போட ஒரு ஆர்டுயினோ நானோ போர்டு. மாஸ்ஃபெட் மட்டும் மாற வேண்டும்: ஆர்டுயினோ கொடுப்பது 5 வோல்ட், அதற்கு ஐஆர்எஃப்இசட்44என் முழுதாகத் திறக்காமல் தானே சூடாகும். லாஜிக் லெவல் வகையான ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள்.

டியூ பாயின்ட்டுக்கு மேக்னஸ் சூத்திரம் போதும். முதலில் ஒரு இடைமதிப்பு: ஈரப்பதத்தை 100-ஆல் வகுத்து அதன் இயல் மடக்கை எடுத்து, அதோடு 17.62 × வெப்பநிலை ÷ (243.12 + வெப்பநிலை) என்பதைக் கூட்டுங்கள். டியூ பாயின்ட் = 243.12 × இடைமதிப்பு ÷ (17.62 − இடைமதிப்பு). 22 டிகிரி, 85 சதவீதம் கொடுத்தால் 19.4 வர வேண்டும், புரோகிராமை இதை வைத்துச் சரிபாருங்கள்.

ஆனால் சென்சாரை அப்படியே நம்பிவிடாதீர்கள். டிஹெச்டி22 விலை குறைவு, நாம் கவலைப்படும் 90-க்கு மேற்பட்ட ஈரப்பதத்தில்தான் அது அதிகம் தடுமாறும். ஈரப்பதத்தில் 5 சதவீதப் பிழை என்றால் டியூ பாயின்ட்டில் ஒரு டிகிரி பிழை. ஸ்ட்ரிப்பில் ஒட்டிய டிஎஸ்18பி20 சொல்வதும் ஸ்ட்ரிப்பின் சூடு, கண்ணாடியின் சூடு இல்லை. கண்ணாடியின் நடுப்பகுதி இன்னும் குளிர்ந்திருக்கும். எனவே டியூ பாயின்ட்டுக்கு மேல் 2 டிகிரி என்று வைக்காமல் 4 அல்லது 5 என்று வைத்துத் தொடங்குங்கள். சென்சார் பதில் தராவிட்டால் ஹீட்டர் பாதி அளவில் ஓட வேண்டும் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரியில் ஒரு ஒயர் கழன்றதும் எல்லாம் அணைந்துவிடும். காற்றை அளக்கும் சென்சார் கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கக் கூடாது, டிரைபாடுக்கு அடியில் காற்றோட்டமாகத் தொங்கட்டும்.

நியூட்டோனியன் செகண்டரிக்கு எப்படி?

மிரரின் பின்பக்கம் மூன்று 330 ஓம் ரெசிஸ்டர்கள், 1.3 வாட், தாராளம். சிலிகான் சீலன்ட் வைத்து ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் பரப்புகளில் வெள்ளையாகப் படியும். ஒயருக்கு மோட்டார் சுற்றும் எனாமல் கம்பியை எடுத்து, செகண்டரியைத் தாங்கும் ஸ்பைடர் தகட்டின் விளிம்போடு ஒட்டிக் கொண்டுபோனால் நட்சத்திரத்தைச் சுற்றிப் புதிதாகக் கோடு எதுவும் முளைக்காது. இதைக் குமிழில் பாதிக்குக் கீழேயே ஓட்டுங்கள்.

குமிழைத் திருப்பினாலும் ஹீட்டர் முழு அளவிலேயே ஓடுகிறது. மாஸ்ஃபெட் போய்விட்டதா?

போயிருக்கலாம், அதற்கு முன் ஹீட்டர் ஒயரைச் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டைப் பாருங்கள். இந்தச் சுற்றில் ஹீட்டரின் ஒரு முனை எப்போதும் 12 வோல்ட்டில் இருக்கும், மைனஸ் பக்கத்தைத்தான் மாஸ்ஃபெட் சேர்த்தும் பிரித்தும் விடுகிறது. ஆகவே சாக்கெட்டின் வெளி வளையம் கிரவுண்டு இல்லை. அந்த வளையம் உலோகப் பெட்டியையோ, பேட்டரி மைனஸோடு தொடர்புள்ள மவுன்ட்டையோ தொட்டால் மாஸ்ஃபெட்டைத் தாண்டிக் கரண்ட் நேராகப் போய்விடும், குமிழுக்கு வேலை இல்லை. வளையத்தில் பிளஸ் கொடுத்திருந்தால் அதே தொடுதல் ஷார்ட் சர்க்யூட். பிளாஸ்டிக் பெட்டி போட்டால் பாதித் தலைவலி போச்சு.

பேட்டரி எவ்வளவு பெரிது வேண்டும்?

8 இஞ்ச், ஃபைண்டர், ஐபீஸ் மூன்றும் சேர்ந்து முழு அளவில் 12.6 வாட், ஒரு ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். சராசரியாக 40 சதவீதத்தில் ஓடினால் எட்டு மணி நேரத்துக்கு 3.4 ஆம்பியர் ஹவர். யுபிஎஸ்-ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதி. லெட் ஆசிட் பேட்டரியை அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், எனவே இது சரியான எல்லை. மவுன்ட்டும் இதிலேயே ஓட வேண்டும் என்றால் பெரிதாக வாங்குங்கள், அல்லது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்குப் போங்கள், எடை பாதிக்கும் கீழே.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பிளஸ் ஒயரில், 3 அல்லது 5 ஆம்பியர். பெட்டிக்குள் வைத்தால் பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒயர் நசுங்கும்போது அது உதவாது. ஈரப் புல்லில் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் போட்டு அடாப்டரில் ஓட்டுவதைப் பற்றி யாராவது கேட்டால், பதில்: கூடாது.

எப்போது ஆன் செய்வது?

பனி படிவதற்கு முன்பே. இருட்டியதும் கால்வாசியில் வைத்துவிட்டு, கார் கூரையையோ ஐபீஸ் பெட்டியின் மூடியையோ அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். அவை நனையத் தொடங்கினால் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். படிந்த பிறகு போக்க, படியாமல் தடுப்பதைவிட அதிகச் சூடும் நேரமும் வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது?

கண்ணாடி நனைந்திருந்தால் மூடி போட்டுப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் பூஞ்சைக்கு அதுவே போதும், பிடித்தால் கோட்டிங்கையும் அரிக்கும். மற்றதையெல்லாம் மூட்டை கட்டும்வரை ஹீட்டர் ஓடட்டும், கடைசியாகக் கழற்றுங்கள். வீட்டில் டியூபின் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மூடி இல்லாமல், ஃபேன் ஓடும் அறையில் சில மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் மூடி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.